அக்கரை என்றொரு சொல்

ஐம்பதுகளின் பிற்பகுதியில், ஒரு தைத் திங்களில், எங்கள் குடும்பத்தார் நால்வரும் கடற்கரைச் சாலை வழியே ஒரு செலவு மேற்கொண்டோம். செலவு என்னும் சொல்லைப் பயணம் என்ற அதன் பழம்பொருளில் வழங்குவது என் தந்தையாரின் இயல்பு. புறப்படுவதற்கு முன்னாள், எங்கே போகிறீர்கள் என்று எதிர்வீட்டு அம்மையார் வினவியபோது, திருச்செந்தூர் தொட்டுக் குமரி வரைக்கும் கடற்கரைச் செலவு என்று விடையிறுத்தார்.

"அம்புட்டுத் தூரம் பிளஷர் வச்சுப் போனா செலவு ஆகத்தாண்ணே செய்யும்" என்று அவ்வம்மையார் இரங்கினார்.

வேறொரு நாளாயின் தந்தையார் சொற்பொருளை விளக்காமல் விட்டிருக்கமாட்டார். அன்று தலையசைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

பிளஷர் என்பது அந்நாளில் எங்கள் ஊரில் வாடகைக்கு வரும் காரின் பெயர். பின்னாளில் மகிழுந்து என்று எழுதப் பழகியபோதெல்லாம் எனக்கு அந்தக் கருநிற வண்டியே நினைவில் எழும். அச்சொல்லை எழுதும்போது என் கை சற்றே தயங்கும். இன்பச் சுற்றுலா போகிறார்கள் என்று தெரு முழுவதும் நம்பியது. நம்பவேண்டும் என்பதே எங்கள் விருப்பமும். உண்மையில் நாங்கள் தேடிச் சென்றது என் தமக்கையின் கணவரை.

அவர் திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிடங்கில் பணியாற்றியவர். வாய்ப்புகையிலையைக் கருப்பட்டிப் பாகு தெளித்துப் பதப்படுத்துவார்கள். அதற்கு ஏற்ற கருப்பட்டி உடன்குடிப் பக்கத்துப் பனங்காடுகளிலிருந்து வரவேண்டும். ஆண்டுதோறும் கொள்முதலுக்காக அவரே அங்குச் சென்று, மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டுத் தாம் பேருந்தில் திரும்புவார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூட்டைகள் வந்து சேர்ந்தன, அவர் வரவில்லை. கிடங்கு முதலாளி சில திங்கள் பொறுத்துப் பார்த்து வேறொருவரை அமர்த்திக்கொண்டார். கன்னிவாடியில் பயிர்த்தொழில் செய்த, தமக்கை கணவரின் தமையனார் ஒருமுறை தேடிப் புறப்பட்டுத் தூத்துக்குடியோடு திரும்பிவிட்டு, ஆம்பளைதானே, வருவான் என்று கூறி அமைந்தார். நாங்கள் அக்கம்பக்கத்தாரிடம், கொள்முதல் பெருகிவிட்டதால் அங்கேயே தங்கியிருக்கிறார் என்று சொல்லிவைத்தோம். சொல்லச் சொல்ல அப்பொய் மெலிந்துகொண்டே போயிற்று.

தமக்கைக்கு அப்பொழுது இருபத்து நான்கு அகவை இருக்கும். பிள்ளைப்பேறு இல்லை; அவர் வராதுபோனபின் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எங்கள் தெருவில் குடிநீர்க் குழாயடிக்கு விடியற்காலையில் செல்லாவிட்டால் குடம் நிரம்பாது. அங்கே நிற்கும் பெண்டிர் வேறு பேச்சில்லாதபோது, "ஒன் வீட்டுக்காரரு எப்ப வாராரு?" என்பார்கள். தீங்கெண்ணிக் கேட்டவர்கள் அல்லர். வரிசை நகரும் வரை பேசுவதற்கு ஏதேனும் வேண்டும். தமக்கை நாளடைவில் உச்சிவெயிலில், குழாயில் நூலாக ஒழுகும் நீரைப் பிடித்துவரப் பழகிக்கொண்டாள். அரைக்குடம் கிடைத்தால் அன்று போதும் என்பாள்.

புறப்பட்ட காலையில் சேலைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தபடி அவள் என்னிடம் கூறியது இது: "இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி தம்பி. ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

நான் அவ்வாண்டுதான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாகச் சேர்ந்திருந்தேன். அவளுக்கு ஆறுதலாக ஏதோ ஒரு நீண்ட வாக்கியம் சொன்னேன். அவள் அடுத்த சேலையை மடிக்கத் தொடங்கினாள்.

பேகம்பூரைச் சேர்ந்த ஓட்டுநர் கலகலப்பானவர். தாம் எத்தனை குடும்பங்களைக் கடல் காட்டக் கொண்டுபோயிருக்கிறார் என்று மதுரை தாண்டும் வரை சொல்லிக்கொண்டு வந்தார். எட்டயபுரத்துக்கப்பால் கரிசல் நிலம் முடிந்து, காற்றில் உப்பு ஏறியது. தூத்துக்குடியை நெருங்குகையில் சாலையின் இருமருங்கும் உப்பளங்கள். வெள்ளைக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. பின்னர்க் கடல் தெரிந்தது. எங்களில் தந்தையாரைத் தவிர எவரும் அதற்குமுன் கடலைக் கண்டதில்லை. அன்னையார் கார் நின்றதும் இறங்கி, முந்தானையால் நெற்றியை மறைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இம்புட்டுத் தண்ணியில ஒரு கொடம் குடிக்க ஆகாதாமே?"

"ஆகாதும்மா" என்றார் ஓட்டுநர். "ஆகியிருந்தா ஒங்க தெருவே கொடத்தோட இங்க வந்து நின்டுருக்கும். அப்புறம் இங்கயும் வரிசைதேன்."

அன்னையார் சிரித்தார். தமக்கையும் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கடலைப் பார்க்கவில்லை. கரையோரத்துக் கருப்பட்டிக் கடைகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளிவந்துகொண்டிருந்த தந்தையாரின் வெண்ணிறத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தம்மை மாமனார் என்று எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வருகிறேன், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இப்பக்கம் கொள்முதலுக்கு வந்து போவார், அவரை அறிவீர்களா என்றே வினவினார். அறிந்தவர் எவரும் இல்லை.

திருச்செந்தூரிலும் அவ்வாறே ஆயிற்று. கோயிலில் வழிபட்டோம். அலைவாயில் நின்றோம். கடலுக்கு அத்தனை அருகில் நன்னீர் ஊறும் நாழிக்கிணற்றைக் கண்டு அன்னையார் வியந்தார். அன்றிரவு சத்திரத்தில் தங்கினோம். உடன்குடியில் கேட்டால்தான் தெரியும் என்று கடைக்காரர்கள் ஒருமுகமாகக் கூறியிருந்தார்கள்.

மறுநாட் காலைச் சாலையைப் போல அழகிய சாலையை நான் பின்னர் அதிகம் கண்டதில்லை. ஒருபுறம் செம்மண் தேரி மேடு மேடாகக் கிடந்தது. மறுபுறம் பனைகளின் இடைவெளிகளில் கடல் தோன்றி மறைந்தது. மறைந்தபோதெல்லாம் அதன் ஓசை மட்டும் கூடவே வந்தது. அதை மகிழ்ந்து நோக்கும் உள்ளம் எங்களில் எவருக்கும் இல்லை. ஓட்டுநர் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பாருங்கள் என்றார். அவருக்காக இறங்கி நின்றுவிட்டு ஏறிக்கொண்டோம்.

உடன்குடியில், கிட்டங்கி என்று அவ்வூரார் வழங்கும் பெரிய கருப்பட்டிக் கிடங்கு ஒன்றின் முன் கார் நின்றது. தந்தையார் உள்ளே சென்றார். அவர் திரும்பிவரச் சற்று நேரமாயிற்று. வந்தவர் முன் இருக்கையில் அமர்ந்து, கதவைச் சாத்தாமல், இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். ஓட்டுநர் தேநீர் அருந்தச் சென்றிருந்தார்.

"அக்கரை சேர்ந்துட்டாராம்" என்றார்.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறியாகவேண்டும். என் தந்தையார் திங்கள்தோறும் கூடும் சைவ அவையொன்றின் உறுப்பினர். அவ்வவையினர் ஒருவர் இறந்தால் இறந்தார் என்று சொல்வதில்லை. பிறவிக்கடல் கடந்து அக்கரை சேர்ந்தார் என்பர். எங்கள் வீட்டில் சாவுச் செய்தி எப்போதும் இவ்வொரு சொல்லாலேயே வந்திருக்கிறது. பாட்டனார் அக்கரை சேர்ந்தார். சிற்றப்பா அக்கரை சேர்ந்தார். சிறுமலை வாழைத்தோட்டத்தில் பாம்பு தீண்டி இறந்த மாமன் மகனும் அக்கரையே சேர்ந்தான். ஆகவே காருக்குள் இருந்த எங்களில் எவர்க்கும் வேறு பொருள் தோன்ற வழியில்லை.

அன்னையார் வாயைப் பொத்திக்கொண்டார். தமக்கை, "எப்பப்பா?" என்றாள். ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சாம் என்றார் தந்தையார். மேற்கொண்டு எதையும் அவர் கேட்டறியவில்லை. கேட்கும் வலிமை அவருக்கில்லாமல் போயிற்று.

சாவு கேட்டால் முழுகவேண்டும். தந்தையார் ஓட்டுநரிடம் காரணம் கூறாமல், கடலுக்குப் போகச் சொன்னார். அவர் எங்களை மணப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல்மேடு ஒன்று. அதன் உச்சியில் மாதாகோயில். அடிவாரத்தில் ஆளரவமற்ற ஒரு வளைவு. காரைத் தொலைவில் பனைநிழலில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் படுத்துக்கொண்டார்.

தமக்கை அங்கே வாய்விட்டு அழுதாள். இரண்டு ஆண்டுகளாக அவள் அழுது நான் கண்டதில்லை. வீட்டில் அழுதால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அங்கே அலையோசைக்கு மேல் எதுவும் கேட்காது. அழுது ஓய்ந்தபின் அவளாகவே எழுந்து, தலையிலிருந்த பூவை எடுத்து நீரில் விட்டாள். கைவளையல்களை உடைக்காமல் ஒவ்வொன்றாகக் கழற்றி மணலில் வைத்தாள். குனிந்து, கடல்நீரை அள்ளி நெற்றியைக் கழுவினாள். தாலியில் கை வைத்தபோது அன்னையார் பிடித்துக்கொண்டார். அது ஊருக்குப் போய்ச் செய்யவேண்டிய முறை என்றார்.

நாங்களும் முழுகி எழுந்தோம். கன்னிவாடித் தமையனார் முதலில் வினவப்போவது இறந்த நாளையும் திதியையும் என்று அப்பொழுதுதான் தந்தையாருக்குத் தோன்றியது. நாள் தெரியாமல் நீர்க்கடன் செய்வது எங்ஙனம்? ஈர வேட்டியோடு ஓட்டுநரை எழுப்பி, அவர் மட்டும் மீண்டும் உடன்குடிக்குச் சென்றார்.

அவர் சென்று திரும்பிய இடைவேளையை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். நாங்கள் மூவரும் மணலில் அமர்ந்து சேலையும் வேட்டியும் உலரக் காத்திருந்தோம். அப்பொழுது தமக்கை தன் கணவரைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அவர் தோசையின் முறுகிய ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு நடுப்பகுதியை அவளிடம் தள்ளிவிடுவாராம். புகையிலை நெடி போகவில்லை என்று ஒருநாளில் மூன்றுமுறை குளிப்பாராம். குடிக்கவே நீர் போதாத ஊரில் இப்படியொரு மனிதரா என்று அவள் ஏசுவாளாம். அன்னையாரும் சேர்ந்துகொண்டார். "குணத்துல ஒரு கொறை சொல்ல முடியுமா? யாரு கண்ணு பட்டுச்சோ" என்றார். இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒலிக்காத அவர் பெயர் அந்தக் கரையில் பலமுறை ஒலித்தது. இறந்தவர் என்று அறிந்தவுடன் அவர் நல்லவராகிவிட்டார். நானும் அவர் எனக்கு ஒரு மையூற்றுப் பேனா வாங்கித் தந்ததை எடுத்துரைத்தேன்.

பின் தமக்கை கால்களை நீட்டி அமர்ந்து கடலைப் பார்த்தாள். மேட்டின் பாறையில் அலை மோதிச் சிதறும்போது வெயில்பட்டு ஒளிர்ந்தது. தொலைவில் பாய்மரம் ஒன்று போயிற்று.

"கடலு நல்லாத்தேன் இருக்கு தம்பி. நேத்துப் பாக்கவே தோணல" என்றாள். அவள் குரலில் ஓர் ஓய்வு இருந்தது. கட்டுச்சோற்றில் எஞ்சிய புளியோதரையை அவளே எடுத்து எங்களுக்கும் தந்து தானும் உண்டாள். வீட்டுக்குப் போனதும் குழாயடிக்குக் காலையிலேயே போகப்போகிறேன், இனிமே என்ன கேக்கப் போறாங்க என்று சொன்னாள்.

தந்தையார் காரை விட்டு இறங்கி மணலில் நடந்துவந்த நடையே வேறாக இருந்தது. கால் புதையும் மணலில் அவர் நின்று நின்று வந்தார். அருகில் வந்தும் உட்காரவில்லை.

"இருக்கான்" என்றார்.

"யாரு?" என்றார் அன்னையார்.

"மாப்பிள்ளை. அக்கரைன்னா இந்தப் பக்கத்துல கொழும்பாம்."

நிகழ்ந்ததை அவர் சொன்னார். கிட்டங்கிக்காரரிடம் எந்த நாளில் என்று இவர் வினவ, அவர் ஐப்பசி அடைமழைக்கு முந்தி என்று கூறி, தோணியில்தான் போனார் என்றிருக்கிறார். தோணி என்ற சொல்லைக் கேட்டும் தந்தையாருக்கு விளங்கவில்லை. கடலில் கவிழ்ந்துவிட்டதா என்று வினவியிருக்கிறார். அதைக் கேட்டுக் கிட்டங்கிக்காரர் சிரித்துவிட்டாராம். அவருடைய சொற்களைத் தந்தையார் அப்படியே திரும்பச் சொன்னார்: "கவுறுமா? போன மாசங்கூட அங்கேருந்து வந்த ஆளு பாத்துட்டு வந்தாவளே. சொந்தமா கடை வச்சிருக்காவ. அங்கேயே ஒரு பொண்ணக் கெட்டி ரெண்டு பிள்ளைய. மூத்தது நடக்குதாம்." நீங்க அவியளுக்கு என்ன வேணும் என்று இறுதியில் கேட்டாராம். ஊர்க்காரன் என்று சொல்லிவிட்டுத் தந்தையார் வந்துவிட்டார்.

அன்னையார் முருகா என்று ஒருமுறை கைகூப்பினார். இரண்டு பிள்ளைகள் என்பது செவியில் ஏறியதும் கைகள் தாழ்ந்தன. எனினும் அவரே முதலில் தெளிந்தார். திருச்செந்தூர்க் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தார். மணலில் கிடந்த வளையல்களைத் தேடி எடுத்து ஊதித் துடைத்தார்.

"இங்கிட்டு வா. நெத்தியக் காட்டு."

"வேணாம்மா" என்றாள் தமக்கை. "அழிச்சது அழிச்சதாவே இருக்கட்டும்."

"உசுரோட இருக்கிறவனுக்கு நீ இப்படி நிக்கக் கூடாது தாயி" என்றார் தந்தையார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "செத்தவருக்குன்னா அழுகலாம்ப்பா. அழுதேன். இதுக்கு என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க."

என் தந்தையார் எவ்வினாவுக்கும் நூலிலிருந்து ஒரு விடை எடுத்துத் தருபவர். அன்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அன்னையார்தாம் பேசினார், தணிந்த குரலில், ஓட்டுநர் இருந்த திசையைக் கண்ணால் காட்டி: "வண்டிக்காரரு பாத்தா நாளைக்கு ஊருக்கே தெரிஞ்சுரும். ஒனக்காக வேணாம், ஒங்கப்பாவுக்காக."

தமக்கை நெற்றியைக் காட்டினாள். ஈர நெற்றியில் குங்குமம் சரியாகப் பற்றவில்லை. அன்னையார் விரலால் அழுத்தி அழுத்தி வைத்தார். கடல்நீரில் ஊறிய கையில் வளையல்கள் ஏற மறுத்தன. ஒன்று உடைந்து தோலைக் கீறியது.

திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன். குமரி வரை போவதாகத் தெருவில் சொல்லியாயிற்று என்றார் தந்தையார். ஆகவே போனோம். முக்கடலும் கூடுமிடத்தைப் பார்த்தோம். நாளை எவரேனும் கேட்டால் சொல்லவேண்டுமே என்பதற்காகப் பார்த்தோம். மணப்பாட்டுக் கரையில் தமக்கை கணவருக்கு நாங்கள் அளித்த நற்குணங்களையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்ளும் சொற்கள் எங்களிடம் இல்லை. தமக்கை சன்னலோரம் அமர்ந்து கண்களை மூடியபடி வந்தாள்.

ஊர் திரும்பியபின் அவர் கொழும்பில் வாணிகம் செய்கிறார் என்றோம். அதில் பொய் இல்லை என்பதால் தந்தையார்க்குச் சொல்வது எளிதாயிருந்தது. தெருவில் எங்கள் மதிப்பு உயர்ந்தது. வழக்கு மன்றம் ஏறி மணத்தளையை நீக்கிக்கொள்ளலாம் என்று நான் ஒருமுறை வாயெடுத்தேன்; அதற்கு எல்லாவற்றையும் வெளியிற் சொல்லவேண்டும் என்று கூறித் தந்தையார் எழுந்து போய்விட்டார். குழாயடியில் பெண்டிர் இப்பொழுது தமக்கைக்கு வரிசையில் இடம் விட்டார்கள். கொழும்புச் சோப்பு வந்தால் ஒரு கட்டி குடு என்பார்கள். அடுத்த தடவை என்பாள். மணவீடுகளில் ஆரத்தி எடுக்கவும் பெண்ணுக்கு மஞ்சள் பூசவும் அவளை அழைத்தார்கள். அவள் மறுக்காமல் போனாள். வந்து சேலையை மடித்து வைப்பாள். எவரிடமும் அவள் கடலைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அறுபதுகளின் நடுவில் அவளுக்கு நச்சுக்காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் சேர்த்தோம், அவள் பிழைக்க முயன்றதாக எனக்குத் தோன்றவில்லை. கஞ்சியைக் கொண்டுபோனால் தம்பி நீ குடி என்பாள். ஒரு காலைப்பொழுதில் இறந்தாள்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தெருப்பெண்டிர் கூடி அவளுக்குப் பட்டுடுத்தி, மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துப் பூச்சூட்டினார்கள். பூவும் பொட்டுமாகப் போகக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். இளம்பெண்கள் ஒவ்வொருவராக வந்து, அவள் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தாங்கள் இட்டுக்கொண்டார்கள். அன்னையார் அதைப் பார்க்க முடியாமல் அடுக்களைக்குள் போய்விட்டார்.

கன்னிவாடியிலிருந்து அவள் கணவரின் தமையனார் வந்திருந்தார். முறைப்படி செய்யவேண்டியவர் கணவரே என்று பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

"கொழும்புக்குத் தந்தி அடிச்சாச்சா?" என்று எதிர்வீட்டு அம்மையார் கேட்டார்.

எல்லாரும் தந்தையாரைப் பார்த்தார்கள். எங்களிடம் முகவரி இருந்ததில்லை.

"அடிச்சாச்சு" என்றார் அவர்.

அப்படியாயின் பதில் வரட்டும், அதற்குள் எடுக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. விமானத்தில் ஏறினால் திருச்சியில் வந்து இறங்கிவிடலாமே என்று ஒருவர் நேரத்தைக் கணக்கிட்டார். பறையடிப்பவர்கள் பந்தற்காலடியில் அமர்ந்து வெற்றிலை போட்டார்கள். தெருமுனையில் மிதிவண்டி மணி கேட்கும்போதெல்லாம் தந்திக்காரரா என்று தலைகள் திரும்பின. தந்தையார் அவள் தலைமாட்டில் அமர்ந்திருந்தார். அவரும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார்.

வெயில் சாயும் வரை அப்படியே இருந்தோம். பின் அவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இனி எடுத்துவிடலாம் என்றார்.